எது பழசாக இருக்கலாம், எது புதுசாக இருக்க வேண்டும்



கோடை விடுமுறை நெருங்கினால் நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "பையன் கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். கடையில் விசாரித்தால் எழுபதாயிரம், எண்பதாயிரம் என்கிறார்கள். தவணையில் வாங்கித் தரலாமா?" இந்த மாதம் இதைக் கேட்டிருப்பவர் புளியந்தோப்பைச் சேர்ந்த ஒரு தாய். கணவர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். "விளையாட்டுக்கு இவ்வளவு செலவா என்று வீட்டில் தினமும் சண்டை. ஆனால் அவன் கெட்ட பிள்ளை இல்லை சார்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார். அந்தக் கடைசி வரிக்காகவே இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கு ஒதுக்குகிறேன்.

அம்மா, தவணை வேண்டாம். பிள்ளையின் ஆசையை மறுக்கவும் வேண்டாம். ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை விளையாட, படிக்க, படம் வரைய, புரோகிராம் எழுதிப் பார்க்கத் தேவையான கம்ப்யூட்டரைப் பழைய பார்ட்ஸிலிருந்தே கட்டிவிட முடியும். என் தங்கை வீடும் புளியந்தோப்பில்தான். அவள் மகனும் நானும் சேர்ந்து அப்படி ஒன்றைக் கட்டினோம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய்க்குள் முடிந்தது. விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் அந்தத் தொகையை ஒரு குத்துமதிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஓஎம்ஆர், கிண்டி, அம்பத்தூர் என்று எங்கும் அலுவலகங்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை அவை கம்ப்யூட்டர்களை மொத்தமாக மாற்றும். கழித்துக்கட்டிய மெஷின்கள் லாட் லாட்டாக வியாபாரிகள் கைக்குப் போய், துடைக்கப்பட்டு, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு வந்து சேரும். இப்போது இந்த வரத்து வழக்கத்தைவிட அதிகம். 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான ஆதரவை நிறுத்தியது. அடுத்ததான விண்டோஸ் 11, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸரிலிருந்துதான் முறைப்படி ஏறும். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்களைக்கூடக் கம்பெனிகள் தள்ளிவிட்டன. டெல் ஆப்டிபிளக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் என்று பெயர் பார்த்துக் கேளுங்கள். எக்செல்லும் மெயிலும் தவிர வேறெதையும் பார்க்காமல் ஏசி அறையில் இருந்துவிட்டு வந்தவை. வெயிலும் உப்புக்காற்றும் படாத போர்டு நம் பக்கத்தில் அபூர்வம்.

ரேமைத் தனியாக வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ரேம் விலை உலகம் முழுவதும் எகிறியது. மைக்ரான் நிறுவனம், சாதாரண மக்களுக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆகவே உள்ளே ரேம் இருக்கும் முழு மெஷினாகப் பார்த்து வாங்குங்கள். ஒல்லியான பெட்டி வேண்டாம், டவராக இருக்கட்டும். ஒல்லிப் பெட்டியில் பாதி உயரக் கிராபிக்ஸ் கார்டுதான் நுழையும். அது கிடைப்பதும் கடினம், விலையும் கூடுதல்.

இனி தலைப்பில் உள்ள விஷயத்துக்கு வருகிறேன். பிராசஸர் பழசாக இருக்கலாம். அதற்கு வயதாவது அபூர்வம். மதர்போர்டு, ரேம், கேபினெட், கீபோர்டு எதுவும் பழசாக இருக்கலாம். கிராபிக்ஸ் கார்டும் பழசாக இருக்கலாம், ஆனால் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் பழசு வேண்டாம். புது எஸ்எஸ்டி போடுங்கள். எஸ்எம்பிஎஸ் என்று நம் கடைகளில் சொல்லும் பவர் சப்ளையைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். கம்பெனி மெஷினோடு பிறந்த ஒரிஜினல் எஸ்எம்பிஎஸ் இருந்தால், அதன் திறனுக்குள் வேலை வாங்கலாம். அசெம்பிள் செய்த பழைய கேபினெட்டில் கிடக்கும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடவே தொடாதீர்கள். மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும். கையில் தூக்கினால் கனமே இருக்காது, உள்ளே இருக்க வேண்டியதில் பாதி இருக்காது. அது வெடித்தால் தனியாகப் போகாது. போர்டையும் கார்டையும் இழுத்துக்கொண்டு போகும். பிள்ளை படுக்கும் கூடத்தில் இருக்கப்போகும் பெட்டி அது. அந்த இடத்தில் ஆயிரம், இரண்டாயிரம் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கார்டைத் தேர்ந்தெடுப்பதும் எஸ்எம்பிஎஸ்ஸின் திறனைப் பொறுத்ததுதான். மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட்டே 75 வாட் வரை மின்சாரம் தரும். 2016-ல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அந்த 75 வாட்டுக்குள் அடங்கிவிடுவதால், பல மாடல்களுக்குத் தனிக் கேபிளே வேண்டாம். அலுவலக டவரில் அப்படியே செருகி ஓட்டலாம். 2017-ல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 580 இதைவிட வேகமானது. ஆனால் அது 185 வாட் இழுக்கும். டெல் ஆப்டிபிளக்ஸ் 9020 டவரில் இருப்பது 290 வாட் எஸ்எம்பிஎஸ். அதன் தலையில் இந்தப் பாரத்தை ஏற்றக்கூடாது. புது எஸ்எம்பிஎஸ் போடலாம் என்றால், அந்த டெல் போர்டில் வழக்கமான 24 பின்னுக்குப் பதிலாக 8 பின் செருகி இருக்கும். மாற்றுக் கேபிள் தேட வேண்டும். முதல்முறை கட்டும் வீட்டுக்கு 1050 டிஐ போதும் என்பது என் எண்ணம். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வரிசைக் கார்டுகளுக்குப் புது கேம்களை ஒட்டிய டிரைவர் வெளியீட்டை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்பு அப்டேட்டுகள் 2028 அக்டோபர் வரை வரும். இன்று பிள்ளைகள் விளையாடும் வேலரண்ட், மைன்கிராஃப்ட், ஜிடிஏ 5 ஆகியவற்றுக்கு இதனால் பாதிப்பு இல்லை. அடுத்த வருடம் வரப்போகும் பெரிய கேமை இதில் எதிர்பார்க்க வேண்டாம் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பார்ட்ஸ் வாங்க மருமகனும் நானும் பேசின் பிரிட்ஜில் லோக்கல் ரயில் ஏறி, மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்கி, அங்கிருந்து ரிச்சி தெரு போனோம். 1985 மே 30 அன்று தீயில் அழிந்த மூர் மார்க்கெட்டின் பெயர்தான் அந்த ஸ்டேஷனுக்கு. பழைய புத்தகம், பழைய ரேடியோ, பழைய கிராமபோன் ஊசி வரை அங்கே வாங்கிய தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பேரம் பேசும் முன் பொருளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பழக்கம் அவர்களிடமிருந்து வந்ததுதான். பிள்ளையோடு தாத்தாவையும் அழைத்துப் போகலாம் என்பேன்.

மாடிக்கடை ஒன்றில் நாங்கள் பார்த்த டெக்னீஷியன் நல்ல மனிதர். "தம்பி, காசு குடுக்குறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாத்துக்கோ. வீட்டுக்குப் போயி இன்னாண்ணே இப்படி ஆயிடுச்சுன்னு நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மேஜைமேல் அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் திறந்த மதர்போர்டை வைத்து கார்டைச் செருகினார். ஃபர்மார்க் என்ற சோதனை புரோகிராம் ஓடியது. கார்டை முழு வேகத்தில் உழைக்க வைப்பது அதன் வேலை. "ரெண்டு விஷயம் பாரு. சூடு ஏறிக்கினே போவுதா, ஒரு எடத்துல நின்னுடுதா? ஸ்கிரீன்ல பொட்டு பொட்டா, கோடு கோடா வருதா?" மருமகன் திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. பிறகு அவனாகவே காதை ஃபேன் பக்கம் கொண்டுபோனான். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். டெக்னீஷியன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதை அவர் இன்னும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

இந்தச் சோதனை ஏன் முக்கியம்? 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை இரவு பகலாக அந்த நாணயத்துக்காகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கிராபிக்ஸ் கார்டுகள் உலகம் முழுக்க ஒரே நாளில் வேலை இழந்தன. அவை செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எல்லாமே கெட்டவை அல்ல. ஆனால் ஃபேன் தேய்ந்தவை, மெமரி சூட்டில் வெந்தவை, உள்ளே இருக்கும் பயாஸை மாற்றியவை அவற்றில் நிறைய. பெயரிலும் ஏமாற்று உண்டு. ஆர்எக்ஸ் 580 என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக 2048எஸ்பி என்று இருந்தால் அது உண்மையில் 570-க்குச் சமமான சிப். முழு 580-க்கு அந்த எண் 2304. மிகப் பழைய கார்டுக்குப் புதுப் பெயர் எழுதி விற்பவர்களும் இருக்கிறார்கள். ஜிபியு-இசட் என்ற இலவசப் புரோகிராமை ஓட்டினால் இவை எல்லாம் தெரிந்துவிடும். பல போலிக் கார்டுகளை அது போலி என்றே எழுதிக் காட்டும். பென்டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். எத்தனை நாள் டெஸ்டிங் வாரண்டி என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

நம் ஊர்க்காரர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. தண்ணீரில் நின்ற போர்டு. 2021 நவம்பர் மழையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் புளியந்தோப்புக்குச் செய்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டில் மூழ்கியதைப் போலவே கடைகளிலும் குடோன்களிலும் மூழ்கியது. காயவைத்து ஓட்டினால் சில போர்டுகள் ஓடும், ஆறு மாதத்தில் நிற்கும். ஸ்க்ரூ தலையில் துரு, யுஎஸ்பி ஓட்டையின் உள்விளிம்பில் பச்சை, சாக்கெட்டின் ஓரமாக வெள்ளையாகப் படிந்த கோடு, இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் கீழே வைத்துவிடுங்கள். பளபளவென்று பெயின்ட் அடித்த கேபினெட்டைவிட, அலுவலகத் தூசியோடு அப்படியே இருக்கும் மெஷினை நான் அதிகம் நம்புவேன்.

வீட்டில் திறந்தபோது எங்கள் மெஷினில் தூசி கம்பளித் துணியாகவே திரண்டிருந்தது. பிராசஸர்மேல் பூசிய தெர்மல் பேஸ்ட், வெற்றிலைப் பெட்டியில் காய்ந்த சுண்ணாம்பு போல உதிர்ந்தது. அதைத் துடைத்து, புது பேஸ்ட் ஒரு துளி வைத்து, எல்லாம் பூட்டி, சுவிட்சைப் போட்டால் திரை இருட்டு. பவர் பட்டன் மட்டும் ஆரஞ்சில் விட்டுவிட்டு மினுக்கியது. தங்கை சாமிப் படத்தைப் பார்த்தாள். மருமகன் அசரவில்லை. இந்தக் கம்பெனி மெஷின்களில் அந்த மினுக்கலை எண்ணிப் பார்த்தால் எங்கே கோளாறு என்பதைக் கையேடு சொல்லிவிடும். எண்ணினான். ரேம். கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, இரண்டு பக்கமும் டிக் என்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகினான். ஓடியது. பழைய மானிட்டர் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: 1050 டிஐ கார்டில் விஜிஏ கிடையாது. மானிட்டரில் ஹெச்டிஎம்ஐ இருக்கிறதா என்று பாருங்கள். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று உணர்ந்தால் எர்த் இல்லை என்று பொருள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் அடுத்த நாள் அதை ஓட்டாதீர்கள்.

மென்பொருள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டாம் தலைமுறை மெஷின் கிடைத்தால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். பழைய மெஷினில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருபவர்கள் உண்டு. அப்படி ஏற்றினால், டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகளைக் கேட்கும் வேலரண்ட் திறக்காமல் போகலாம். பிள்ளை எதற்காகக் கேட்டானோ அதுவே ஓடாது. வேலரண்ட் வேண்டாம் என்கிற பிள்ளைக்கு லினக்ஸ் போடலாம். ஸ்டீம் வழியாக ஏராளமான விண்டோஸ் கேம்கள் லினக்ஸிலேயே ஓடுகின்றன.

மின்சாரக் கட்டணத்தை நினைத்துப் பயப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. 250 வாட் இழுக்கும் மெஷினை ஒரு நாளைக்கு 2 மணி நேரம் ஓட்டினால் அரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். இலவசமாக வரும் யூனிட்டுகளுக்குள் உங்கள் வீடு இப்போது எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் கடையிலேயே பூட்டி வாங்கினால் ஆகாதா என்று சிலர் கேட்பீர்கள். ஆகும். ஆனால் வடசென்னைக்காரர்களாகிய நாம் அப்படிக் கேட்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் செய்தது இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு ஆஸ்டின் கார்களைப் பூட்டும் வேலைதான். அதுதான் பிறகு அசோக் லேலண்ட் ஆயிற்று. திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு, வெளிநாட்டிலிருந்து வந்த பாகங்களை வைத்து புல்லட்டைப் பூட்டித்தான் ஆரம்பித்தது. சில வருடங்களில் எல்லாப் பாகத்தையும் இங்கேயே செய்தார்கள். பூட்டத் தெரிந்தவர்கள் செய்யவும் கற்றார்கள். புளியந்தோப்பு, பெரம்பூர் வீடுகளில் பி அண்ட் சி மில்லில் ஃபிட்டராக இருந்த தாத்தாவின் ஸ்பேனர் செட் இன்னும் கட்டிலுக்கடியில் இருக்கிறது. 1996-ல் மில் மூடியது. கைவேலை தெரிந்த அந்தக் குடும்பங்கள் எங்கும் போய்விடவில்லை. அவர்கள் பேரனுக்கு ஸ்க்ரூடிரைவரைக் கொடுங்கள், பேத்திக்கும் கொடுங்கள். இந்தக் கடிதங்கள் எல்லாமே "பையன்" என்றுதான் தொடங்குகின்றன. பெண் பிள்ளைகளும் கேட்கிறார்கள், நாம்தான் காதில் வாங்குவதில்லை.

விளையாட்டால் கெட்டுப்போவார்களோ என்ற பயத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்து உயிரையும் விட்டவர்களை இந்த மாநிலம் பார்த்தது. அதற்காகவே 2022-ல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து, இஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்தது. பெற்றோர் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்தப் பிரிவைத்தான். பணம் வைத்து ஆடுவது ஒன்று, ஆட்டம் வேறு. உங்கள் யுபிஐ, ஏடிஎம் கார்டு விவரம் எதையும் அந்தக் கம்ப்யூட்டரில் பதிய விடாதீர்கள். துப்பாக்கிக்குச் சட்டை மாட்ட 800 ரூபாய் என்று கேம் கேட்கும், பிள்ளையும் கேட்பான். மறுப்பதில் தவறில்லை.

இன்னொன்றும் யோசியுங்கள். பிள்ளைகள் இப்போதே விளையாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், போனில். போன் போர்வைக்குள் போய்விடும். டவர் கம்ப்யூட்டர் போகாது. நம் குடியிருப்பு வீடுகளில் அது கூடத்தில்தான் இருக்க முடியும். யார் வருகிறார்கள், யாரோடு பேசுகிறான், எப்போது அணைக்கிறான் எல்லாம் வீட்டுக்கே தெரியும். இடம் இல்லாத வீட்டில் இதை ஒரு வசதியாகவே பார்க்கிறேன்.

ஆட்டத்தை மதிக்காத ஊர் இல்லை இது. தெருவிளக்கின் கீழே கேரம் போர்டு போட்டு ஆடிய வடசென்னையிலிருந்துதான் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-ல் அமெரிக்கா போய், கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்று வந்தார். கம்ப்யூட்டர் முன் உட்காரும் எல்லாப் பிள்ளைகளும் சாம்பியன் ஆகமாட்டார்கள், ஆகவும் வேண்டாம். சிலர் ஆடுவதிலிருந்து ஆட்டம் உருவாக்குவதற்குப் போவார்கள். கனடாவின் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு 2023-ல் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. புலம்பெயர்ந்த தமிழ்த்தாய் ஒருத்தி, கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லியும் புட்டும் செய்கிறாள். மகனோடு அவளுக்கு உண்டாகும் இடைவெளிதான் கதை. அதற்குப் பாஃப்டா விருது கிடைத்தது. நாங்கள் கட்டிய மெஷினில் அது தடங்கலில்லாமல் ஓடுகிறது. தங்கை அதை மகனோடு உட்கார்ந்து ஆடி முடித்தாள். காடோ, பிளெண்டர் போன்ற இலவச மென்பொருள்களும் அதே மெஷினில் ஓடும். வெண்பாவைப் போல ஒன்றைத் தொடங்க அவை போதும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். பரணில் பழைய டெஸ்க்டாப் வைத்திருக்கும் வாசகர்கள் இருப்பீர்கள். காயலான் கடைக்கு எடைக்குப் போட்டால், செம்புக்காக ஒயரை எரிக்கும் புகை கடைசியில் நம் மூக்குக்கே வரும். அதற்குப் பதிலாக ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொண்டு, மீதியை நம் அலுவலகத்துக்குக் கொடுங்கள். வெறும் ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடாது என்பதால்தான் டிஸ்க்கைக் கழற்றச் சொல்கிறேன். ரிச்சி தெருவிலோ வீட்டிலோ ரிப்பேர் வேலை செய்யும் வாசகர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு உட்கார முடியுமா என்று எழுதுங்கள். வரும் மெஷின்களைப் பிள்ளைகளை வைத்தே பிரித்து, துடைத்து, பூட்டி, கேட்ட வீடுகளுக்குக் கொடுப்போம். முதல் மெஷின் புளியந்தோப்புக்கு.

அன்புடன்,
ஆசிரியர்